தியான் சந்தும் என் கணக்கு நோட்டும்



காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகக் கூடும் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவில் பிறந்து வளர்ந்தவன் நான். என் தந்தையார் தருமபுரிப் பக்கத்திலிருந்து கொத்து வேலை தேடி இங்கு வந்தார். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். பள்ளியில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று இரு கரைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, ஒரே செய்தியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வர் என்பது சிறு வயதிலேயே பழகிப் போன உண்மை. இன்று முதுநிலை வகுப்பில் புள்ளியியல் பயில்கிறேன். அந்தப் பழைய உண்மைக்கே பாடப்புத்தகத்தில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு வருவோர் தவறாமல் பார்த்துச் செல்வது, 1784-இல் திப்பு சுல்தான் கட்டிய தரியா தௌலத் மாளிகை. அதன் மேற்குச் சுவரில் ஒரு பெரும் போர்க்களம் தீட்டப்பட்டிருக்கிறது. நம் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில், 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்த காட்சி அது. சிறுவனாக இருந்தபோது அச்சுவரின் முன் நின்று வீரர்களை எண்ணிப் பார்ப்பேன். ஒரு முறை வந்த எண் மறுமுறை வந்ததில்லை. பின்னாளில்தான் அறிந்தேன், அச்சித்திரமே முதலில் தீட்டியபடி இன்று இல்லை என்பதை. 1799-இல் கோட்டை வீழ்ந்தபின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி அதைப் புதுப்பிக்கச் செய்தார். பின்னர் டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் மறுபடியும் வண்ணம் தீட்டினார்கள். ஆக, ஒரு போரில் வென்றவர் எழுதி வைத்த கணக்கு, அடுத்த போரில் வென்றவர் கையால் திருத்தப்பட்டு நம் கண்முன் நிற்கிறது.

நிற்க. சுவர்ச் சித்திரத்தைச் சொல்லத் தொடங்கியவன் விளையாட்டுக் கணக்குக்கு எப்படி வந்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மாணவர்கள் இரு அணியாகப் பிரிந்து எங்கள் ஊர் மைதானத்தில் ஹாக்கி ஆடினார்கள். அன்றைய ஆட்டத்தைப் பார்த்துப் பெரிய போட்டி ஒன்றுக்கு ஆள் பொறுக்குவது என்று ஏற்பாடு. புள்ளியியல் படிப்பவன் என்பதால் கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். நானும் பெருமையோடு வாங்கிக்கொண்டேன். எனக்குத் துணையாக வேறு எவரும் எழுதவில்லை. வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

ஆட்டத்தின் கடைசிக் கால் மணி நேரத்தில் கோல் வட்டத்துக்குள் பெரிய நெரிசல். நாலைந்து மட்டைகள் ஒன்றோடொன்று மோதின. பந்து உள்ளே போய்விட்டது. எவர் மட்டை பட்டுப் போயிற்று என்பதை நான் காணவில்லை. ஆயினும் என் கை ஒரு கணமும் தயங்கவில்லை. அந்த அணியில் கோல் போடுவதில் பேர் வாங்கிய ஒருவர் இருந்தார். அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்தேன். சற்று நேரத்தில் அதே போல மற்றொரு கோல். மற்றொரு கோடும் அவருக்கே சென்றது. என் நோட்டைப் பார்த்துத்தான் அன்று மாலை ஆள் பொறுக்கினார்கள்.

மூன்று நாள் கழித்து, ஒருவர் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காண நேர்ந்தது. இரண்டு கோலையும் போட்டவர் முதலாண்டு மாணவர் ஒருவர். அன்று அவர் பெயரே என் நோட்டில் இல்லை. பொறுக்கிய பட்டியலிலும் இல்லை. பட்டியலோ அனுப்பப்பட்டாயிற்று. அந்த இளைஞர் என்னிடம் வந்தார். சண்டை போடவில்லை. என்னை அண்ணா என்றழைத்து, பட்டியல் போனால் போகட்டும், நோட்டிலாவது உள்ளதை எழுதிவிட முடியுமா என்று மட்டும் கேட்டார். அவர் கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹாக்கியில் கோல் என்றாலே நினைவுக்கு வருபவர் தியான் சந்த். அவர் போட்ட கோல்களை எண்ணியவர் யார், அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்ற எண்ணம் எழுந்தது. அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கலானேன். படித்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

* * *

தியான் சந்த் 1905 ஆகஸ்ட் 29-ஆம் நாள், அன்று அலகாபாத் என்று வழங்கிய பிரயாக்ராஜில் பிறந்தார். தந்தையார் சமேஷ்வர் சிங் படையில் பணி புரிந்தவர். அவரும் ஹாக்கி ஆடியவர். படைவீரர் குடும்பத்துக்கு ஒரே ஊரில் நிலையான வாழ்வு ஏது? ஊர் ஊராக மாறிச் சென்று, இறுதியில் ஜான்சியில் குடியமர்ந்தார்கள். இந்த மாறுதல்களில் பிள்ளையின் படிப்பு ஆறு ஆண்டோடு நின்றுவிட்டது. பிழைப்புக்காக ஊர் மாறும் குடும்பத்தில் பிறந்த எனக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றவில்லை.

இளமையில் அவருக்கு ஹாக்கியில் நாட்டமில்லை, மல்யுத்தத்தில்தான் ஆசை. 1922-இல் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். அங்கே பாலே திவாரி என்ற மூத்த வீரர் அவருக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பகலெல்லாம் பணி, இரவில்தான் பயிற்சி. நிலவு எழும் வரை காத்திருந்து ஆடியதால், தியான் சிங் என்ற பெயர் நிலவைக் குறிக்கும் சந்த் என்ற சொல்லோடு சேர்ந்து தியான் சந்த் ஆயிற்று என்பர்.

1926-இல் இந்தியப் படையின் அணி நியூசிலாந்துக்குச் சென்றது. 21 ஆட்டங்களில் 18-இல் வென்று, 192 கோல்கள் போட்டுத் திரும்பியது. சிப்பாயாகக் கப்பல் ஏறிய இளைஞரின் பெயர் அப்பயணத்தோடு நாடெங்கும் பரவியது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி முதன்முதலாகக் கலந்துகொண்டது. ஆஸ்திரியாவின் மீது 6, பெல்ஜியத்தின் மீது 9, டென்மார்க்கின் மீது 5, சுவிட்சர்லாந்தின் மீது 6, இறுதியில் நெதர்லாந்தின் மீது 3. ஆக ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள். எதிரிகள் நம் வலைக்குள் ஒரு பந்தைக்கூடச் செலுத்தவில்லை. இந்த 29-இல் 14 தியான் சந்தின் கணக்கில் நிற்கின்றன.

1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ். உலகப் பொருளாதாரம் சீர்குலைந்திருந்த காலம். ஹாக்கிக்கு வந்தவை மூன்றே நாடுகள். ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் நம்மவர் வென்றனர். இங்கே அறிமுகம் செய்ய வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர் தியான் சந்தின் தம்பி ரூப் சிங். ஜப்பானுக்கு எதிராகத் தியான் சந்த் 4, ரூப் சிங் 3, குர்மித் சிங் 3, கார் 1. கூட்டினால் 11. அமெரிக்காவுக்கு எதிராக ரூப் சிங் 10, தியான் சந்த் 8, குர்மித் சிங் 5, பின்னிகர் 1. கூட்டினால் 24. ஆள்வாரிக் கணக்கும் ஆட்டத்தின் மொத்தமும் பொருந்துகின்றன. எந்தக் கணக்கையும் சோதிக்கும் முதல் வழி இதுவே. மளிகைக் கடைக்காரரும் மாலையில் இதைத்தான் செய்கிறார். ஆனால் கூட்டல் பொருந்தியதனாலேயே கணக்கு உண்மையாகிவிடாது. என் நோட்டிலும் மொத்தம் சரியாகவே இருந்தது, பெயர்தான் தவறு.

அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கணக்கின்படி மிகுதியாகக் கோல் போட்டவர் தம்பி. அண்ணன் 12, தம்பி 13. ஆயினும் இன்று நம்மில் எத்தனை பேருக்கு ரூப் சிங்கின் பெயர் தெரியும்? எனக்கும் இக்கட்டுரைக்காகப் படிக்கும் வரை தெரியாது.

* * *

1933-ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு கல்கத்தாவில் பெய்டன் கோப்பை இறுதியாட்டம். ஒருபுறம் கல்கத்தா கஸ்டம்ஸ் என்னும் வலிய அணி. மறுபுறம் தியான் சந்தின் ஜான்சி ஹீரோஸ். நெடுநேரம் எவரும் கோல் போடவில்லை. பிற்பகுதியில் தியான் சந்த் நடுக்களத்திலிருந்து நெடுந்தூரம் ஒரு பந்தைச் செலுத்தினார். இஸ்மாயில் என்ற வீரர் காற்றெனப் பாய்ந்து அதைப் பிடித்துக் கோலாக்கினார். ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

தம் வாழ்நாளில் ஆடிய ஆட்டங்களிலெல்லாம் சிறந்தது எது என்று கேட்டபோது, தியான் சந்த் ஒலிம்பிக் ஆட்டம் எதையும் குறிப்பிடவில்லை. இந்த ஆட்டத்தையே குறிப்பிட்டார். எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! கோலுக்கென்றே பிறந்தவர் என்று உலகம் கொண்டாடிய மனிதர், தமக்குப் பிடித்த ஆட்டமாகச் சொன்னது தாம் ஒரு கோலும் போடாத ஆட்டத்தை! அன்றைய கணக்கு நோட்டில் இஸ்மாயிலுக்கு ஒன்று. தியான் சந்துக்குச் சுழியம். நோட்டு பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. எதை எண்ண வேண்டும் என்று முன்கூட்டி முடிவு செய்கிறோமோ அதை மட்டுமே நோட்டு காட்டும். கோலை மட்டும் எண்ணினால் பந்து கொடுத்தவர் மறைந்துபோவார்.

1935-இல் மீண்டும் நியூசிலாந்துப் பயணம். வழியில் இலங்கையிலும் ஆடினர். 48 ஆட்டங்கள், 584 கோல்கள். தியான் சந்த் ஆடியவை 43, போட்டவை 201. மறு ஆண்டு ஒலிம்பிக்கில் அவர் இந்திய அணியின் தலைவராக இருந்தார்.

1936, பெர்லின். ஒலிம்பிக் தொடங்குமுன் ஜூலை 17-ஆம் நாள் ஜெர்மனியுடன் ஒரு பழக்க ஆட்டம். அதில் நம்மவர் 4-1 என்று தோற்றனர். அத்தோல்வி அணியை உலுக்கியது. தாரா என்ற முன்னணி வீரரைத் தாயகத்திலிருந்து அவசரமாக வரவழைத்தார்கள். பிறகு ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0, பிரான்சை 10-0 என்று வென்று இறுதியாட்டத்தை அடைந்தனர். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஈரக் களத்தில் அவ்வாட்டம் நடந்தது. இடைவேளையில் இந்தியா ஒரே கோல்தான் முன்னணியில் இருந்தது. பிற்பகுதியில் தியான் சந்த் முள் காலணியைக் கழற்றிவிட்டு ஆடினார் என்பர். முடிவில் இந்தியா 8, ஜெர்மனி 1. அப்போட்டிகளில் நம்மவர் விட்டுக்கொடுத்த ஒரே கோல் அதுதான்.

இங்கேதான் நான் தேடிய கேள்வி எழுகிறது. அந்த 8-இல் தியான் சந்தின் கோல்கள் எத்தனை?

ஒரு கணக்கு, தியான் சந்த் 3, தாரா 2, ரூப் சிங், டாப்செல், ஜாபர் ஆளுக்கு ஒன்று என்கிறது. மற்றொரு கணக்கு தியான் சந்துக்கே 6 கொடுக்கிறது. இரண்டும் நூல்களிலும் பத்திரிகைகளிலும் வழங்குகின்றன. மொத்தம் 8 என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆகவே 6 என்பது உண்மையானால், மற்றவர் அனைவருக்கும் சேர்த்து எஞ்சுவது 2 மட்டுமே. முதல் கணக்கில் மற்றவர்க்கு இருந்த 5 கோல்களில் மூன்று, எவர் பெயரிலிருந்தோ கழன்று தலைவரின் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. அதே போலப் பெர்லினில் அவர் போட்ட மொத்தக் கோல்களும் ஒரு பட்டியலில் 11, இன்னொன்றில் 13.

இது வஞ்சனையால் விளைந்தது என்று நான் கருதவில்லை. கோல் வட்டத்துக்குள் மட்டைகள் நெருங்கும்போது கடைசியாகப் பந்தைத் தொட்டவர் எவர் என்பதைப் பக்கவாட்டில் நின்று எழுதுபவர் காண்பது அரிது. வேற்று நாட்டு நிருபர்களுக்கு நம் வீரர்களின் பெயரும் முகமும் பழகியவை அல்ல. ஐயம் வந்த இடத்தில் அறிந்த பெயரை எழுதுவது மனித இயல்பு. பெருமழை பெய்தால் நீரெல்லாம் பள்ளத்தை நோக்கி ஓடுவது போல, உரியவர் தெரியாத கோலெல்லாம் புகழ் பெற்ற பெயரை நோக்கி ஓடுகிறது. அன்று எங்கள் ஊர் மைதானத்தில் என் பென்சில் ஓடியதும் அந்தப் பள்ளத்தை நோக்கித்தான்.

* * *

அவருடைய வாழ்நாள் கோல்களின் எண்ணிக்கை இதைவிடப் பெரிய புதிர். 400 என்று சிலர், 185 ஆட்டங்களில் 570 என்று சிலர், ஆயிரத்துக்கும் மேல் என்று சிலர். நண்பர்களே, இம்மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் மட்டுமா? பயணங்களில் ஊர் அணிகளோடு ஆடியவையும் சேருமா? படைப் பிரிவுக்கும் ஜான்சி ஹீரோஸுக்கும் ஆடியவை எங்கே? எது ஆட்டம் என்ற கேள்விக்கே விடை ஒன்றாக இல்லாதபோது, எத்தனை கோல் என்பதற்கு விடை எப்படி ஒன்றாகும்? எண்ணுவதற்கு முன் எண்ணப்படும் பொருளை வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் துறையின் முதற் பாடம்.

கணக்கு நழுவும் இடத்தில் கதை வந்து குடியேறும். அவருடைய மட்டைக்குள் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வியன்னா நகரில் நான்கு கைகளும் நான்கு மட்டைகளுமாக அவருக்குச் சிலை இருப்பதாகவும் சொல்வார்கள். அச்சிலை நிற்கும் இடத்தை இதுவரை எவரும் காட்டவில்லை. கைகள் இரண்டே என்று சொல்வதால் அந்த மனிதருக்கு என்ன குறை? இரண்டு கையால் அவ்வளவு ஆடியதல்லவா பெருமை!

போட்டிகளின் உலகத்தை 1939-இல் மூண்ட போர் மூடியது. 1940, 1944 ஒலிம்பிக் விழாக்கள் நடக்கவே இல்லை. அவருடைய சிறந்த ஆண்டுகள் எந்த நோட்டிலும் ஏறாமல் கழிந்தன. 1947-இல், நாற்பதைக் கடந்த பிறகும், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஓர் அணியோடு சென்று ஆடினார். 1952-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அந்நூலுக்குக் கோல் என்று பெயர். அதை வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்னும் விளையாட்டு இதழ் என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1956-இல் மேஜராகப் படையிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது கிடைத்தது. பின்னர் பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஹாக்கி கற்பித்தார். 1975-இல் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்த கோல், அவர் மகன் அசோக் குமாருடையது.

இறுதி ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. ஈரலில் புற்றுநோய். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக மருத்துவமனையின் பொது வார்டில் சேர்க்கப்பட்டார். 1979 டிசம்பர் 3-ஆம் நாள் காலமானார். ஜான்சியில், தாம் ஆடிய களத்திலேயே தகனம் செய்யப்பட்டார். இன்று அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாள். 2002-இல் தில்லியின் தேசிய மைதானத்துக்கும், 2021-இல் நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. கோலைக் கூட்டிக் கூட்டிச் சொல்லத் தெரிந்த நாம், அவற்றைப் போட்ட மனிதர் பொது வார்டில் கிடந்தபோது எங்கே இருந்தோம்? இந்தக் கேள்வியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

* * *

இனி, நாம் செய்யக்கூடியது என்ன?

கிரிக்கெட் ஆட்டத்தில் கணக்கு எழுத இருவர் இருக்க வேண்டும் என்றும், அவர்கள் அடிக்கடி ஒருவர் நோட்டை மற்றவர் நோட்டோடு ஒப்பிட வேண்டும் என்றும் விதியே உண்டு. எளிய விதிதான், ஆனால் அதில் அறிவியலின் உயிரே அடங்கியிருக்கிறது. கால்பந்தில் ஆட்டக் கணக்கின் முன்னோடி என்று இங்கிலாந்தின் சார்லஸ் ரீப்பைச் சொல்வர். விமானப் படையில் கணக்கராக இருந்த அவர், 1950 மார்ச் 18-ஆம் நாள் ஸ்விண்டன் நகரில் நடந்த ஆட்டமொன்றில் இடைவேளைக்குப் பின் குறிப்பெடுக்கத் தொடங்கினார். அதன்பின் பல்லாண்டுகள் விடாமல் எழுதினார். உழைப்பு மலைப்பைத் தருகிறது. ஆயினும் ஒருவர் கண்ணும் ஒருவர் கையும் எழுதியதை வேறொருவர் கண் சோதிக்காவிட்டால், பிழை எங்கே என்பது எழுதியவருக்கே தெரியாது.

இருவர் எழுதினால் மட்டும் போதுமா? அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதையும் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 50 முறை பந்து கைமாறியது என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் பந்து தன் அணியினரிடம் சேர்ந்ததா இல்லையா என்று இருவர் தனித்தனியே எழுதுகின்றனர். 35 இடங்களில் இருவரும் சேர்ந்தது என்கின்றனர். 7 இடங்களில் இருவரும் சேரவில்லை என்கின்றனர். மீதி 8 இடங்களில் வேறுபடுகின்றனர். அவற்றில் நான்கை ஒருவரும் நான்கை மற்றவரும் சேர்ந்தவை என்று எழுதியிருக்கின்றனர். 50-இல் 42 ஒத்துப்போயின; நூற்றுக்கு 84. நல்ல கணக்குதானே என்று தோன்றும். பொறுங்கள். இருவருமே பெரும்பாலும் சேர்ந்தது என்றே எழுதுபவர்கள். 50-இல் 39 முறை அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆட்டத்தையே பாராமல், கண்ணை மூடிக்கொண்டு அதே அளவில் எழுதியிருந்தாலும், தற்செயலாகவே ஏறக்குறைய நூற்றுக்கு 66 ஒத்துப்போயிருக்கும். ஆகவே அவர்கள் உண்மையாக ஈட்டிய ஒற்றுமை, எஞ்சிய 34-இல் 18 மட்டுமே. அதாவது பாதியைச் சற்றே தாண்டியது. 1960-இல் ஜேக்கப் கோஹன் என்ற அறிஞர் வகுத்த கப்பா என்னும் அளவு இதுவே. 84 என்று மார்தட்டுவதற்கும் 53 என்று தலை தாழ்த்துவதற்கும் உள்ள தூரத்தை அது காட்டிவிடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நம் சங்கத்து ஆட்டங்களில் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். இருவர் எழுதுகிறோம், மைதானத்தின் இரு பக்கமும் தனித்தனியே அமர்ந்து, ஆட்டம் முடியும் வரை பேசிக்கொள்வதில்லை. எதைக் கோல் உதவி என்பது, எதைத் தடுப்பு என்பது என்று ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்கிறோம். காணாததைக் கண்டதாக எழுதுவதில்லை. தெரியவில்லை என்பதற்கு நோட்டில் தனியே ஒரு கட்டம் விட்டிருக்கிறோம். திருத்த நேர்ந்தால் பழையதை அழிப்பதில்லை. ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகில் புதியதை எழுதி, திருத்தியவர் கையொப்பம் இடுகிறார். பிழை நடந்தது என்பதும் கணக்கின் ஒரு பகுதியே அன்றோ?

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தெரியவில்லை என்னும் கட்டம். அக்கட்டம் அன்று என் நோட்டில் இருந்திருந்தால், இரண்டு கோல்கள் உரியவர் வரும் வரை அங்கே காத்திருந்திருக்கும். ஆள் பொறுக்கியவர்களும் ஒரு வார்த்தை விசாரித்திருப்பார்கள்.

கணக்குச் சரியாக இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு நட்டமில்லை. தியான் சந்த் இறுதியாட்டத்தில் 3 போட்டாலும் 6 போட்டாலும் தியான் சந்தே. பறிபோவது ஜாபருடைய ஒன்று, டாப்செல்லுடைய ஒன்று, தம்பி ரூப் சிங்குடைய ஒன்று. ஒரே ஒரு கோல் போட்டவனுக்கு அந்த ஒன்றுதான் முழுச் சொத்து. அதைக் காப்பதற்காகவே கணக்கு. தாம் கோல் போடாத ஆட்டத்தைத் தம் சிறந்த ஆட்டமாக எண்ணி, இஸ்மாயிலின் கோலை வாயாரச் சொன்ன அந்தப் பெருமகன், பிறர் கோல் தம் பெயரில் ஏறுவதை விரும்பியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சென்ற வாரம் அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். பேர் பெற்றவரின் பெயருக்கு நேரே இருந்த இரண்டு கோடுகளையும் ஒற்றைக் கோட்டால் அடித்தேன். கீழே முதலாண்டு மாணவரின் பெயரை எழுதி, அதற்கு நேரே இரண்டு கோடு இழுத்துக் கையொப்பமிட்டேன். அவரை அழைத்துக் காட்டினேன். இப்போது அவர் இரண்டாம் ஆண்டில் பயில்கிறார். நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து எழுத ஆள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். தாம் ஆடாத நாளில் தாமே எழுதுவதாகச் சொல்லி ஒரு நோட்டை வாங்கிச் சென்றார்.